இருட்டுக்கும் குடிமக்கள் உண்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி குடித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்த சமயம் வாசல் மணி அடித்தது. வந்தவர் எங்கள் லோதி ரோடு குடியிருப்பிலேயே அடுத்த பிளாக்கில் இருக்கும் நண்பர். நம்மவர்தான், தஞ்சாவூர்ப் பக்கம். கையில் ஒரு மனு வைத்திருந்தார்.

குடியிருப்புக்குப் பின்னால், வேப்ப மரங்களுக்கு நடுவே, ஒரு சின்னக் கும்மட்டம் இருக்கிறது. யாருடைய கல்லறை என்று யாருக்கும் தெரியாது. பெயர்ப் பலகைகூடக் கிடையாது. தில்லியில் இப்படித் தெருவுக்கு ஒன்று இருப்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் கும்மட்டத்தில் வௌவால்கள் பெருகிவிட்டன, நாற்றம் தாங்கவில்லை, நோய் பரவும், ஆகவே உள்ளே புகை போட்டுவிட்டு எல்லாத் திறப்புகளையும் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும் என்பது மனுவின் சாரம். முப்பது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"சார், நீங்கள் இன்ஜினியர். உங்கள் கையெழுத்து இருந்தால் மனுவுக்கு ஒரு கனம் வரும்" என்றார் நண்பர்.

நான் போடவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அவருக்கு வருத்தம். மறுநாள் பூங்காவில் பார்த்தபோது வணக்கம் சொன்னாரே தவிர நின்று பேசவில்லை. ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று அவருக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. அதனால்தான் நமது சங்கப் பத்திரிகையில் இந்தக் கட்டுரை.

நான் அடைத்த சுவர்

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மதுரையில் எல்.சி.இ. டிப்ளமா முடித்து, 1980-ல் ரயில்வேயில் சேர்ந்தவன் நான். பாதைப் பராமரிப்பில் ஆரம்பித்து முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளம், பாலம், சுரங்கம் என்று காலம் ஓடியது. 1984-ல் ஒரு மலைப் பகுதி செக்‌ஷனில் இருந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். பாதையை மாற்றிப் போட்டதால் உபயோகமில்லாமல் போன பழைய சுரங்கம் ஒன்று அங்கே இருந்தது. ஆடு மேய்ப்பவர்கள் உள்ளே ஒதுங்குவார்கள். மேலிருந்து கல் விழும். அதனால் வாயை அடைக்கும்படி உத்தரவு வந்தது. உத்தரவில் தவறு ஒன்றுமில்லை.

அடைக்கும் நாளன்று காலை பத்து மணிக்கே செங்கல், சிமெண்ட் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. கேங் மேட் ஒரு வயதானவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் என்னிடம் தனியாக வந்து, "சார், சாயங்காலம் வரை பொறுக்கலாமே. பொழுது சாய்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போய்விடும். அப்புறம் அடைக்கலாம்" என்றார். எனக்கு மறுநாள் வேறொரு வேலை இருந்தது. வயதும் இருபத்தாறு. "வௌவாலுக்காக ஓவர்டைம் போட முடியுமா?" என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். மாலை நாலரை மணிக்குச் சுவர் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் டிராலியில் அந்தப் பக்கம் போனபோது, சுவரின் மேல் ஓரத்தில் கலவை சரியாகப் பிடிக்காத ஒரு விரற்கடை இடுக்கு வழியாக நாற்றம் வந்தது. டிராலி தள்ளியவர்கள் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மேட்டும் சொல்லவில்லை. உள்ளே எத்தனை இருந்திருக்கும் என்று அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

அந்த மேட்டுக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே விஷயத்தை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் என் சொந்த ஊருக்கு அருகிலேயே விஞ்ஞான முறைப்படி ஆராய்ந்திருந்தார்கள்.

மதுரை மலையில் ஒரு ஆராய்ச்சி

எனக்கு ஊர் மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம். கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ள மலை. சிறு வயதில் பள்ளி விடுமுறையில் அங்கே ஏறியிருக்கிறோம். சாயங்காலம் பாறைப் பிளவிலிருந்து வௌவால்கள் புகை மாதிரி கிளம்பும். கல் எறிவதுதான் எங்கள் விளையாட்டு.

நான் டிப்ளமா படித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்கள் ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் ஆகியோரும் குகை வௌவால்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது. சூரிய வெளிச்சமே நுழையாத குகையின் உட்புறத்தில் தொங்கும் வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது?

உயிர்களின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. ஆனால் அது சரியாக இருபத்துநான்கு மணி நேரக் கடிகாரம் அல்ல. கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். தினமும் காலை மாலை வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. நம் ஸ்டேஷன் கடிகாரத்தைத் தினமும் கன்ட்ரோல் நேரத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்துவதில்லையா, அதுபோல. மதுரைக்காரர்கள் சில வௌவால்களைப் பிடித்து, குகைக்குள் இருட்டிலேயே கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் வழக்கம்போல மாலையில் போய்க் காலையில் திரும்பி வந்துகொண்டிருந்தன. கூண்டில் இருந்தவை வெளிச்சத்தைப் பார்க்காமலே அந்தக் கூட்டத்தின் நேரத்துக்கு ஒத்து இயங்கின. கூட்டம் இல்லாத குகையில் தனியாக வைத்த வௌவாலின் கடிகாரமோ நாளுக்கு நாள் விலகிப் போயிற்று. அதாவது ஒரு வௌவாலுக்கு நேரம் சொல்வது மற்ற வௌவால்கள். கூட்டமே அவற்றின் கடிகாரம். 1978-லும் 1981-லும் ஜெர்மனியிலிருந்து வெளிவரும் பெரிய விஞ்ஞான ஏடுகளில் இந்த முடிவுகள் வெளியாயின. பின்னர் ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் நாய்வைலர் மதுரைக்கே வந்து இவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். இதே சந்திரசேகரன், மனிதர்களை வெளிச்சமும் கடிகாரமும் இல்லாமல் தனியே தங்க வைத்து அவர்களுடைய உடற்கடிகாரத்தை அளக்க ஓர் அறையையும் பல்கலைக்கழகத்தில் அமைத்தார்.

இதெல்லாம் எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியவந்தது. மகள் கணினியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். நாற்பது வருஷம் தாமதம்! மீனாட்சியம்மன் கோவில் கோபுரங்களைப் பற்றியும் மல்லிகைப்பூவைப் பற்றியும் தில்லியில் பத்துப் பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். என் ஊர்க் குகையில் உலகம் கவனித்த ஆராய்ச்சி நடந்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்ல?

குகைக்குள் சாப்பாடு எப்படிப் போகிறது?

'வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் தலைகீழாகத்தான் தொங்க வேண்டும்' என்று நம்மில் ஒரு பேச்சு உண்டு. கேலியாகச் சொல்வது. ஆனால் குகை என்பது உண்மையில் வேறு சட்டதிட்டம் உள்ள ஒரு வீடு. அங்கே வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாததால் செடி கொடி இல்லை. செடி இல்லாத இடத்தில் உணவு உற்பத்தி கிடையாது. எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். மழை வெள்ளம் இலை தழைகளை அடித்துக்கொண்டு வரும். அதைவிட முக்கியமான சப்ளை வௌவால் எச்சம். இரவெல்லாம் வெளியே பூச்சிகளையோ பழங்களையோ தின்றுவிட்டு, பகலில் குகைக்குள் வந்து தொங்கும்போது கழிக்கிறது. அந்த எச்சத்தில் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் வளர்கின்றன. அதைத் தின்ன உண்ணிகளும் கரப்பான்களும் வண்டுகளும் வருகின்றன. அவற்றைத் தின்னச் சிலந்திகள். ஒரு கூட்ஸ் வண்டி தினமும் வந்து சரக்கு இறக்கிவிட்டுப் போனால் அந்த ஸ்டேஷனைச் சுற்றி எத்தனை கடைகள் பிழைக்கும்! வண்டி நின்றால் கடைத்தெருவே காலி. வௌவாலைத் துரத்திய குகையின் கதி அதுதான்.

குகைவாசிகளை விஞ்ஞானிகள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். நமக்குப் புரியும்படி ரயில் பாஷையில் சொல்கிறேன். வௌவாலைப் போலப் போய் வருபவை சீசன் டிக்கெட்காரர்கள். உள்ளேயும் வாழும், வெளியேயும் வாழும் சில பூச்சிகள் இரண்டாவது வகை. இரண்டு ஊரிலும் வீடு வைத்திருப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வகை, தலைமுறை தலைமுறையாக இருட்டிலேயே வாழ்ந்து வெளியே வர முடியாமல் போனவை. இவற்றுக்குக் கண் மங்கி மறைந்திருக்கும். தோலில் நிறம் இருக்காது. அதற்குப் பதிலாக மீசையும் உணர்கொம்பும் தொடு உணர்வும் கூர்மையாகியிருக்கும். குகை அழிந்தால் முதல் இரண்டு வகையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வகைக்குப் போக்கிடம் கிடையாது.

இந்தத் துறைக்கு அடிப்படை போட்டவர் எமில் ரகோவிட்சா என்ற ருமேனியர். 1907-ல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அதே ருமேனியாவில் 1986-ல் ஒரு மின் நிலையத்துக்கு இடம் பார்ப்பதற்காகத் தோண்டிய குழியில் மோவிலே என்ற குகை அகப்பட்டது. வெளியுலகத்தோடு பல லட்சம் ஆண்டுகளாகத் தொடர்பே இல்லாத குகை. அங்கே பாக்டீரியாக்கள் கந்தக வாயு கலந்த நீரிலிருந்தே உணவு தயாரிக்கின்றன. அதை நம்பி வேறெங்கும் இல்லாத பல உயிரினங்கள் வாழ்கின்றன. தோண்டியவர்கள் அந்தக் குழியைப் பேசாமல் மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்திருந்தால்? பொறியாளன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது.

நம் நாட்டுக் குகைகள்

இந்தியாவில் இந்த வேலை நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1922-ல் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஸ்டான்லி கெம்ப்பும் பி. சோப்ராவும் இன்றைய மேகாலயாவின் காரோ மலையில் உள்ள சிஜு குகைக்குள் போய், அங்குள்ள உயிர்களைப் பட்டியலிட்டார்கள். 1924-ல் அது அச்சாகியது. பஸ்தரில் ஜகதல்பூருக்கு அருகில், காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவில் கோட்டும்சர் குகை இருக்கிறது. 1951-ல் சங்கர் திவாரி என்பவர் அதை ஆராய்ந்தார். அங்குள்ள ஒரு பாச்சைப் பூச்சிக்கு 1977-ல் வைத்த விஞ்ஞானப் பெயர் கெம்பியோலா சங்கரி. முதல் பாதி கெம்ப்பின் பெயர், இரண்டாம் பாதி சங்கர் திவாரியின் பெயர். வெள்ளைக்காரரும் நம்மவரும் ஒரு பூச்சியின் பெயரில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் 1986 முதல் ஐந்து வருஷம் கொத்தவலசா–கிரந்துல் பாதையில் வேலை பார்த்தேன். 1960களில் ஜப்பானுக்கு இரும்புத்தாது அனுப்புவதற்காகப் போட்ட பாதை அது. ஐம்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். அதில் போரா குகைகளுக்கு மேலேயே ரயில் ஓடுகிறது. கீழே சுண்ணாம்புக் குகை, மேலே எஞ்சின். குகைக்குள் நின்றால் வழிகாட்டி கூரையைக் காட்டி "மேலே வண்டி போகிறது" என்பார். அந்தப் பக்கம் போன சமயத்தில் கோட்டும்சருக்கும் ஒருமுறை போனேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் குட்டையில் ஒரு விரல் நீள மீனைக் காட்டினார்கள். வெளிறிய உடம்பு, கண் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி மாதிரி. வெளியே ஓடும் ஓடைகளில் இதே இன மீனுக்குக் கண் நன்றாக இருக்கிறது. ராய்ப்பூர் ரவிசங்கர் பல்கலைக்கழகத்தார் இந்த மீனின் உடற்கடிகாரத்தைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதுதான். அன்று நான் அந்த விளக்கின் புகை குகைக் கூரையைக் கரியாக்குவதைக்கூடக் கவனிக்கவில்லை. "குருட்டு மீன், பாவம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன்.

குகை என்றால் மலையில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கேரளத்தில் செம்பாறைக்கு அடியில் ஓடும் நிலத்தடி நீரும் ஒரு குகைதான். அங்கே வீட்டுக் கிணறுகளே வாசல். 1950-ல் கோட்டயம் பகுதிக் கிணற்றிலிருந்து கிடைத்த குருட்டுக் கெளுத்தி ஒன்றை ஏ.ஜி.கே. மேனன் விவரித்தார். 2012-ல் அதே குடும்பத்தில் கண்ட இன்னொரு மீனுக்கு நம் அப்துல் கலாம் பெயரை வைத்தார்கள். 2023-ல் கண்ட மற்றொன்றுக்குப் 'பொதுமக்கள்' என்று பொருள்படும் பெயர். காரணம், கிணற்றில் இறைத்த தண்ணீரிலும் குழாயிலும் வந்த மீனைத் தூக்கி எறியாமல் ஆராய்ச்சியாளர்களுக்குத் தகவல் சொன்னவர்கள் சாதாரண ஜனங்கள். 2018 பெருவெள்ளத்துக்குப் பின் மலப்புறத்து வயலில் தென்பட்ட ஒரு விநோத மீனின் படத்தைப் பார்த்துத்தான், விராலுக்கு உறவான ஒரு புதிய நிலத்தடிக் குடும்பமே வெளிச்சத்துக்கு வந்தது.

மேகாலயாவில் 1992 முதல் உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் சேர்ந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குகைகளை அளந்திருக்கிறார்கள். ஜைந்தியா மலையில் ஒரு குகையில் கண்ட மீன் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளம். உலகத்தில் நமக்குத் தெரிந்த குகை மீன்களிலேயே பெரியது. 2023-ல் அதற்கு அந்த மலையின் ப்னார் மக்களின் பெயரைச் சூட்டினார்கள். அதே மலைகளில்தான் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் தோண்டப்படுகின்றன. எலிவளை போலக் குடைந்து நிலக்கரி எடுப்பதைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் தடை செய்தது. ஆனாலும் 2018 டிசம்பரில் அப்படிப்பட்ட ஒரு சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து பதினைந்து தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டதைப் பத்திரிகையில் எல்லோரும் படித்தோம். மீன் வாழும் நீரும் மனிதன் மூழ்கிய நீரும் ஒரே மலைக்குள் ஓடும் நீர்தான். நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் குடைந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

நண்பரின் பயம் வீண் பயமா?

வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். 2018-ல் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா காய்ச்சலில் பதினேழு பேர் இறந்தார்கள். அந்தக் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது உண்மை. 2020-ல் கொரோனா வந்தபோது வௌவால் என்ற பெயரைக் கேட்டாலே எல்லோரும் நடுங்கினோம். பழைய எச்சத் தூளைச் சுவாசித்தால் நுரையீரலில் பூஞ்சை நோய் வரக்கூடும் என்பதும் உண்மை. குழந்தைகள் உள்ள குடியிருப்பில் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

ஆனால் மருந்து என்ன? வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதிருப்பது, வௌவாலைக் கையால் தொடாதிருப்பது, எச்சம் சேர்ந்த இடத்தை மூக்கை மூடாமல் பெருக்காதிருப்பது. இவையே மருத்துவர்கள் சொல்வது. புகை போட்டுக் கலைத்தால் என்ன ஆகும்? இத்தனை நாளாகக் கும்மட்டத்துக்குள் இருந்த கூட்டம் சிதறி நம் வென்டிலேட்டருக்குள்ளும் ஏசி ஓட்டைக்குள்ளும் நுழையும். அடைபட்டுச் செத்தால் நாற்றம் இன்னும் அதிகமாகும். அதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். தவிர, தில்லியின் பழைய கட்டடங்களில் வாழ்பவற்றுள் நீண்ட வாலுள்ள, பூச்சி தின்னும் இனம் ஒன்று உண்டு. சுல்தான்கள் கட்டிவைத்த மண்டபங்களே அவற்றுக்குக் குகை. பெரும்பாலான வௌவால்கள் வருஷத்துக்கு ஒரே குட்டிதான் போடும். ஒருமுறை அழித்த கூட்டம் எலி மாதிரி உடனே பெருகி வந்துவிடாது.

சட்டமும் நம் எண்ணமும் இத்தனை காலம் ஒரே மாதிரிதான் இருந்தன. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றோடு சேர்த்துத் 'தொல்லைப் பிராணிகள்' பட்டியலில் வைத்திருந்தது. பூச்சி தின்னும் வௌவால்களின் பெயர் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. பின்னாளில் உயர்ந்த பாதுகாப்புப் பெற்றவை இரண்டே இனங்கள். அதில் ஒன்று தேனி மாவட்டத்து மேகமலைக்காரர். 1948-ல் அங்கே பிடித்த ஒரு வௌவாலைச் சாதாரண இனம் என்று பெயர் எழுதிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் வைத்திருந்தார்கள். தாய்லாந்து நாட்டு கிட்டி தோங்லோங்யா அதை மறுபடி பார்த்து, இது புதிய இனம் என்று கண்டு, 1972-ல் சலீம் அலியின் பெயரை வைத்தார். இருபது வருஷத்துக்கு மேல் அது அலமாரிக்குள் தவறான பெயரோடு இருந்தது! 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தத் தொல்லைப் பட்டியலே எடுக்கப்பட்டது. அரசாங்கம் ஐம்பது வருஷத்தில் மனம் மாறியிருக்கிறது. நாமும் மாறலாமே.

ஆனாலும் குகைகளுக்கென்று நம் நாட்டில் தனியான மத்தியச் சட்டம் கிடையாது. காட்டுக்குள் இருந்தால் வனத்துறை, சிற்பம் இருந்தால் தொல்லியல் துறை, சாமி இருந்தால் கோவில், வருமானம் இருந்தால் சுற்றுலாத் துறை. உள்ளே வாழும் உயிருக்குப் பொறுப்பு யார்? பிரான்சில் லாஸ்கோ குகை ஓவியங்களைப் பார்க்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மூச்சுக் காற்றாலும் விளக்கு வெளிச்சத்தாலும் சுவரில் பாசி படர்ந்து, 1963-ல் பொதுமக்களுக்கு அதை மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் 2006 முதல் பரவிய ஒரு வெள்ளைப் பூஞ்சை நோய் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. குகைக்குப் போகிறவர்களின் காலணி, உடை வழியாகவும் அது பரவக்கூடும் என்று சொல்கிறார்கள். நாமோ குகை கண்ட இடத்திலெல்லாம் கலர் விளக்குப் போடுகிறோம்.

ஊர் ஒன்றுகூடினால் எதுவும் நடக்கும் என்பதற்கும் மதுரையே சாட்சி. சமணக் குகையும் தமிழிக் கல்வெட்டும் உள்ள அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அதையொட்டி டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றபோது கிராமத்தார் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

என் வேண்டுகோள்

நண்பருக்கு என் பதில் இதுதான். மனுவை நானே திருத்தி எழுதித் தருகிறேன், முதல் கையெழுத்தும் என்னுடையது. கும்மட்டத்தைச் சுற்றியுள்ள குப்பையை அகற்ற வேண்டும். எச்சத்தை முறையாக அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகள் உள்ளே போகாதபடி கம்பிக் கதவு வேண்டும், வௌவால் போய்வர மேலே இடம் விட்டு. ஏதேனும் திறப்பை அடைத்தே ஆக வேண்டுமென்றால் விவரம் தெரிந்தவர்களைக் கலந்து, குட்டி போடும் காலம் கழிந்த பின், அவை வெளியே போன பிறகு அடைக்க வேண்டும். அந்த மேட் சொன்னது அவ்வளவுதான்: சாயங்காலம் வரை பொறுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சுற்றுலா போகிறோம். போரா குகைக்கோ கோட்டும்சருக்கோ ஒருமுறை போகலாம். ஆனால் சத்தம் போடாமல், சுவரைத் தொடாமல், தின்பண்டம் கொண்டுபோகாமல், வௌவால் மேல் டார்ச் அடிக்காமல். மழைக்காலத்தில் கோட்டும்சர் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள். மால்களைப் பார்ப்பதற்கு தில்லியே போதும். ஊரில் மலை இருந்தால், குகை இருந்தால், பழைய கிணறு இருந்தால், பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். மாலையில் வௌவால்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகின்றன என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள். கல் எறியாதீர்கள். வௌவாலுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் நம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். புது இடத்தில் இடம் கொடுத்தார்கள், இருக்கிறோம். இடம் இல்லாமல் போவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா?

நேற்று மாலை மௌசம் பவன் வரை நடந்துவிட்டுத் திரும்பும்போது கும்மட்டத்துக்கு எதிரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். விளக்கு ஏற்றும் நேரத்துக்கு முதல் வௌவால் வெளியே வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நூற்று நாற்பது வரை எண்ணினேன். அதற்குள் இருட்டிவிட்டது. மனுவோடு வந்த நண்பர் அந்தப் பக்கமாக வந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.

— ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், லோதி ரோடு, புது தில்லி